குட்டைக் குழல் ரிவால்வருக்கு ஏன் இவ்வளவு மவுசு?

1847இல் துப்பாக்கித் தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட் அமெரிக்கப் படைக்குச் செய்து கொடுத்த வாக்கர் ரிவால்வர் இரண்டு கிலோவுக்கு மேல் எடை. குழல் மட்டும் 9 அங்குலம். இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கிற சமாச்சாரம் இல்லை, குதிரைச் சேணத்தில் தொங்கவிட வேண்டியது. மொத்தம் சுமார் 1,100தான் செய்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து அதே கோல்ட், கோட்டுப் பையில் அடங்கும் 1849 பாக்கெட் மாடலைக் கொண்டுவந்தார். முக்கால் கிலோகூட இருக்காது. 3, 4, 5, 6 அங்குலம் என்று குழல் நீளத்தை வாங்குபவரே தேர்ந்தெடுக்கலாம். கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போனவர்களும் நகரத்துக் கடைக்காரர்களும் வாங்கித் தள்ளினார்கள். 1873 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் தயாரானது.

காகிதத்தில் கணக்குப் போடுகிறவர்களுக்குக் குட்டைக் குழல் பிடிக்காது. குழல் நீளமாக இருந்தால் வாயு குண்டை அதிக நேரம் தள்ளும், வேகம் கூடும் என்பார்கள். உண்மைதான். ஆனால் எவ்வளவு கூடும் என்று கேட்டால் விஷயம் சுவாரசியமாகிறது.

இந்த ரிவால்வர்களுக்கு உலோகத் தோட்டா கிடையாது. சுழலும் உருளையில் ஐந்து அல்லது ஆறு அறைகள். ஒவ்வொன்றிலும் முன்பக்கமாகக் கருமருந்தைக் கொட்டி, மேலே ஓர் ஈயக் குண்டை வைத்து, குழலுக்கு அடியில் மடங்கியிருக்கும் நெம்புகோலால் அழுத்தி இறக்க வேண்டும். குண்டு அறையைவிட நூலளவு பெரிது. அழுத்தும்போது ஓரத்தில் மெல்லிய ஈய வளையம் சீவிக்கொண்டு வரும். வந்தால்தான் அடைப்பு சரி. இந்த இறுக்கம் இல்லாவிட்டால் ஓர் அறையின் தீ பக்கத்து அறைக்குள் புகுந்து அதுவும் சேர்ந்து வெடிக்கும் ஆபத்து உண்டு. அறையின் பின்பக்கம் துளையிட்ட ஒரு குமிழ், அதன்மேல் ஒரு செம்புக் கேப். தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கும் பொட்டுக் கேப்புக்கு அண்ணன் மாதிரி. அந்தக் காலக் கேப்புக்குள் இருந்தது பாதரச ஃபல்மினேட். சுத்தி அடித்ததும் அதன் தீப்பொறி துளை வழியே மருந்தைப் பற்றவைக்கும்.

மருந்து எளிமையான கலவை. வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்) 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. (அன்றைய உலகச் சந்தையின் வெடியுப்பில் பெரும்பகுதி நம் பீகார், வங்காளத்து மண்ணிலிருந்து போனது. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியதும் வட மாநிலங்களுக்காக வெடிமருந்துத் தயாரிப்பாளர் லாமோட் டூபாண்ட் இங்கிலாந்துக்கே போய் அதை வாங்க வேண்டியிருந்தது.) எரிந்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதை பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஆண்ட்ரூ நோபிளும் ஃபிரெடரிக் ஏபலும் அளந்து 1875இல் வெளியிட்டார்கள். எடையில் சுமார் 43 சதவீதம்தான் வாயு. மீதி 57 சதவீதம் பொட்டாசியம் உப்புகள் நிறைந்த திடப்பொருள். கண்ணை மறைக்கும் அந்த வெள்ளைப் புகை அதுதான். பாதிக்கு மேல் வீண் என்று தோன்றும். முழுக்க வீண் இல்லை. கொதிக்கும் அந்தத் துகள்கள், விரிந்து குளிரும் வாயுவுக்குத் தங்கள் வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் அழுத்தம் சட்டென்று விழாது.

இப்போது குழலுக்கு வருவோம். கோல்டின் 1851 நேவி ரிவால்வரில் ஒரு முறைக்குச் சுமார் 1.6 கிராம் மருந்து. அது அடைக்கும் இடம் ஏறக்குறைய 1.6 கன செ.மீ. உள்விட்டம் 9.5 மி.மீ., குழல் 7½ அங்குலம். குண்டு வாய்க்கு வருவதற்குள் வாயு ஒன்பது மடங்குக்கு மேல் விரிந்துவிடும். குழலை 3 அங்குலமாக வெட்டினால் நாலரை மடங்கு விரியும். விரிவு பாதியானால் வேலையும் பாதியாகும் என்று நினைத்தால் தவறு. தொடக்கத்தில் அழுத்தம் மிக அதிகம், போகப் போகக் குறைவு. எனவே வேலையின் பெரும்பகுதி முதல் சில அங்குலங்களிலேயே முடிந்துவிடுகிறது. மேலோட்டமாகக் கணக்கிட்டால், குழலில் 60 சதவீதத்தை இழந்தும் வேகத்தில் இழப்பது 15 முதல் 20 சதவீதம்தான். குறைந்த மருந்து, அகன்ற குழல் என்ற சேர்க்கை தரும் சலுகை இது. வாக்கரில் கிட்டத்தட்ட 4 கிராம் மருந்து போடுவார்கள். அதை 3 அங்குலமாக வெட்டினால் வாயு மூன்று மடங்கு விரிவதற்குள் குண்டு வெளியே போய்விடும்.

பயன்படாத அழுத்தம் எங்கே போகும்? குழல் வாயில்தான். குட்டை ரிவால்வர் சுடும்போது சத்தம் காதைப் பிளக்கும், வாயில் ஆரஞ்சு நிறத் தீப்பந்து தெரியும், அப்புறம் புகை. பொறியியல்படி அது இழப்பு. ஆர்வலர்களைக் கேட்டால் பாதி மவுசே அதற்குத்தான் என்பார்கள்.

வேகத்தைவிடப் பெரிய நஷ்டம் குறி பார்ப்பதில். கோல்ட் ரிவால்வரில் பின்குறி என்பது சுத்தியின் மூக்கில் உள்ள ஒரு வெட்டு, முன்குறி குழல் நுனியில். நேவியில் இரண்டுக்கும் இடையே சுமார் 25 செ.மீ. குட்டையில் 14 செ.மீ. கண் அரை மில்லிமீட்டர் தவறினால், 10 மீட்டர் தூரத்தில் நேவி 2 செ.மீ. விலகும், குட்டை மூன்றரைக்கு மேல் விலகும். மேசைக்கு எதிர்ப்புறம் இருப்பவரைச் சுட வாங்கியவர்களுக்கு இது கவலையாக இருந்திருக்காது.

இன்னொரு சங்கடம் நெம்புகோல். அது குழலுக்கு அடியில் இருப்பதால் குழல் சிறுத்தால் அதுவும் சிறுக்க வேண்டும். சிறுத்தால் குண்டை இறக்கும் பலம் போச்சு. 3 அங்குல 1849 மாடலில் நெம்புகோலே கிடையாது. குழலைப் பிடித்திருக்கும் ஆப்பைத் தட்டிக் குழலைக் கழற்றி, உருளையை வெளியே எடுத்து, அது சுழலும் அச்சின் நுனியாலேயே குண்டுகளை அழுத்த வேண்டும். சண்டைக்கு நடுவே நடக்கிற காரியமா? ஐந்து குண்டோடு விஷயம் முடிய வேண்டும்.

உலோகத் தோட்டாவுக்கு மாறியிருக்கலாமே என்றால், பின்னாலிருந்து தோட்டா போட வசதியாக அறைகளைப் பின்புறம் வரை துளைத்த உருளைக்கு ரோலின் வைட் 1855இல் காப்புரிமை வாங்கிவிட்டார். அது போட்டி நிறுவனமான ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கையில் 1869 வரை இருந்தது. கோல்ட் கருமருந்தையும் கேப்பையும் இவ்வளவு காலம் பிடித்துக்கொண்டிருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்று இவற்றின் பிரதிகள் இத்தாலியின் பிரேஷா மாகாணத்திலுள்ள ஊபெர்ட்டி, பியெட்டா போன்ற நிறுவனங்களிலிருந்து வருகின்றன. அமெரிக்காவின் 1968 துப்பாக்கிச் சட்டம், ஆயத்தத் தோட்டா போட முடியாத பழைய வகைப் பிரதிகளைப் பழம்பொருளாகவே கருதுகிறது. பிரிட்டனில் 1997க்குப் பிறகு கைத்துப்பாக்கிகளுக்கு ஏறக்குறைய முழுத் தடை வந்தபோதும் மருந்தும் குண்டும் தனித்தனியாகப் போடும் ரிவால்வர்கள் உரிமத்தோடு தப்பின.

சுட்டு முடித்த அன்றே கழுவியாக வேண்டும். எச்சத்திலுள்ள உப்புகள் ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். ஆனால் அவை தண்ணீரில் கரைபவை, வெந்நீரும் சோப்பும் போதும். 3 அங்குலக் குழலைத் தேய்க்க அதிக நேரமும் ஆகாது. கோல்டின் பெரிய ஆர்மி ரக ரிவால்வர்களை இந்த அளவுக்கு வெட்டுவது அன்று துப்பாக்கிக் கொல்லர்களின் தனி வேலையாகத்தான் இருந்தது. அமெரிக்காவின் யூட்டாவில் மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் தலைவர்களுக்கு மெய்க்காவலராக இருந்த ஆரின் போர்ட்டர் ராக்வெல் அப்படி ஒன்றை வைத்திருந்ததாகச் சொல்வார்கள். இன்றைக்கு அது ஆலையிலிருந்தே குட்டையாக வருகிறது. நெம்புகோல் இல்லாத பிரச்சினைக்குத் தீர்வாக, உருளையைக் கழற்றிப் பொருத்திக் குண்டு இறக்கும் மேசை அழுத்தியைத் தனியாக விற்கிறார்கள்.