ஒரே லைன், இரண்டு வேகம்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஓர் இறால் ஏற்றுமதி அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே நெட்வொர்க் சுவிட்சில், அதாவது ஒரே நெட் லைனைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியில், இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்றில் விண்டோஸ், இன்னொன்றில் லினக்ஸ். அமெரிக்காவில் உள்ள சர்வரிலிருந்து ஒரே ஃபைலை இரண்டிலும் இறக்கினால் லினக்ஸில் மளமளவென்று வருகிறது, விண்டோஸில் ஊர்கிறது. ஸ்பீட் டெஸ்ட் போட்டாலோ இரண்டிலும் 100 எம்பிபிஎஸ்.

இந்தக் கரையில் யாரும் முதலில் சந்தேகப்படுவது உப்புக்காற்று அரித்த கனெக்டரைத்தான். நியாயமான சந்தேகம். கேபிள்களை இடம் மாற்றிச் சொருகிப் பாருங்கள். மந்தம் கேபிளோடு போகாமல் விண்டோஸிலேயே நின்றால், கோளாறு வேறிடம்.

இணையத்தில் ஃபைல்கள் பெரும்பாலும் வருவது டிசிபி என்ற விதிமுறைப்படி. அதில் அனுப்பும் சர்வர் இஷ்டத்துக்குக் கொட்டிவிட முடியாது. "இவ்வளவு பைட் அனுப்பு, ரசீது வந்தபின் மீதி" என்று பெறும் கம்ப்யூட்டர் ஓர் அளவு சொல்லும். இதற்கு ரிசீவ் விண்டோ என்று பெயர். ஆழத்தில் நிற்கும் விசைப்படகிலிருந்து ஒரே வள்ளத்தில் மீனைக் கரை சேர்க்கும் கதைதான். கடல் எத்தனை அகலம் என்பதா முக்கியம்? வள்ளம் எவ்வளவு கொள்ளும், போய்வர எவ்வளவு நேரம் என்பதுதான் கணக்கு.

டிசிபியின் பழைய வடிவத்தில் அந்த வள்ளத்தின் உச்சம் 65,535 பைட். சென்னை சர்வருக்குப் போய்வர 20 மில்லி செகண்ட் என்றால் ஒரு இணைப்பில் சுமார் 26 எம்பிபிஎஸ் கிடைக்கும். அமெரிக்காவுக்கு 250 மில்லி செகண்ட் என்றால் வெறும் 2 எம்பிபிஎஸ். கண்ணாடி இழைக்குள் ஒளியே செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும் என்பதால் தூரத்தின் நேரத்தை யாரும் பெரிதாகக் குறைக்க முடியாது. இந்த ரிசீவ் விண்டோவைப் பெரிதாக்கும் வழி 1992-இல் வந்தது. லினக்ஸும், விஸ்டா பதிப்பு முதலான விண்டோஸும் அதைத் தாமாகவே சரிசெய்துகொள்ளும். அப்புறம் ஏன் மந்தம்? "நெட் வேகம் கூட்டும்" மென்பொருள்களும் யூடியூப் யோசனைகளும் விண்டோஸின் இந்தத் தானியங்கிச் சரிசெய்தலை அணைத்துவிடுவதுண்டு. வேகம் கூட்டுவதாகச் சொல்லி வள்ளத்தைச் சின்னதாக்கும் வேலை!

ஸ்பீட் டெஸ்ட் ஏமாற்றுவதும் இதனால்தான். அது பக்கத்து சர்வரோடு பல இணைப்புகளை ஒரே நேரத்தில் திறந்து அளக்கிறது. அதே தந்திரத்தை நாமும் செய்யலாம். தூரத்து சர்வர் ஒன்றோடு ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் மென்பொருளை முதலில் ஒரு இணைப்பிலும் பிறகு எட்டிலும் ஓட்டுங்கள். எட்டில் வேகம் ஏறக்குறைய எட்டு மடங்கானால் ரிசீவ் விண்டோமேல்தான் முதல் சந்தேகம். ஆனால் ஐபெர்ஃப்3 வழக்கமாக நாம் அனுப்புவதைத்தான் அளக்கும். இறக்கத்தை அளக்கத் திசையைத் திருப்ப வேண்டும். பிறகு விண்டோஸின் நெட்ஷ் (netsh) கட்டளையில் ரிசீவ் விண்டோவின் தானியங்கி அமைப்பை 'நார்மல்' ஆக்கிப் பாருங்கள்.

சர்வர்வரை டேட்டா போகும் வழித்தடத்தை இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒப்பிடும்போது மட்டும் கவனம். வழித்தடம் காட்டும் கட்டளைகளில் விண்டோஸின் டிரேசர்ட் ஐசிஎம்பி என்ற வகைப் பாக்கெட்டுகளை அனுப்பும், லினக்ஸின் டிரேஸ்ரூட் வழக்கமாக யுடிபி என்ற வேறு வகையை அனுப்பும். நடுவில் ஒரு ஃபயர்வால் (பாதுகாப்புத் தடுப்பு) ஒரு வகையை விட்டு மற்றதைத் தடுத்தால், லைன் நன்றாக இருந்தும் ஒரு திரையில் வெறும் நட்சத்திரக் குறிகளாக வரும். லினக்ஸிலும் ஐசிஎம்பி வகையைத் தேர்ந்தெடுத்து ஓட்டிய பிறகே லைன்காரரைக் கூப்பிடுங்கள்.