மருந்துப்போலி: ‘பிளசீபோ’வைத் தமிழில் எப்படிச் சொல்வது?

பிளசீபோ என்பது நோயைத் தீர்க்கும் சரக்கு எதுவும் உள்ளே இல்லாத மாத்திரை, ஊசி அல்லது களிம்பு. மருந்தாய்வில் ஒரு பிரிவினருக்கு மருந்தும் இன்னொரு பிரிவினருக்கு இதுவும் தரப்படும். யாருக்கு எது போகிறது என்பது நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கும் மருத்துவருக்கும் தெரியாது.

தமிழில் எழுதும்போது பலர் இதைப் ‘போலி மருந்து’ என்று எழுதிவிடுகிறார்கள். அது பிழை. போலி மருந்து என்றால் கள்ளச் சரக்கு. நல்ல மருந்தின் பெயரை ஒட்டி, வாங்குபவரை ஏமாற்றி விற்பது. முறையான ஆய்விலோ, ‘உங்களுக்கு மருந்தில்லாத மாத்திரையும் வரலாம்’ என்று முன்கூட்டியே சொல்லிக் கையெழுத்து வாங்குகிறார்கள். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், ‘ஆய்வில் பாதிப் பேருக்குப் போலி மருந்து தரப்பட்டது’ என்ற சாதாரணச் செய்திகூட மோசடிப் புகார்போல ஒலிக்கும்.

சொல்லைத் திருப்பிப் போட்டால் சிக்கல் தீர்கிறது: மருந்துப்போலி. நம் இலக்கணத்தில் ‘போலி’ வசைச்சொல் அல்ல. ‘அறம்’ என்பது ‘அறன்’ என்று வந்தால் கடைப்போலி. ‘இல்முன்’ என்பது ‘முன்றில்’ ஆனால் இலக்கணப்போலி. ஒன்றன் இடத்தில் அதைப்போல நிற்பது என்பதுதான் அங்கே கருத்து. எழுத்துப்போலியில் உரு மாறும், பொருள் நிற்கும். மருந்துப்போலியில் உரு நிற்கும், ‘பொருள்’ மட்டும் போய்விடும். ‘ஆறுதல் மருந்து’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது ‘பிளசீபோ’வின் பழைய பொருளுக்குப் பொருந்தும், ஆய்வுக்குப் பொருந்தாது.

அந்தப் பழைய பொருள் என்ன? இலத்தீனில் பிளசீபோ என்றால் ‘உவப்பிப்பேன்’. இலத்தீன் விவிலியத்தின் சங்கீதம் ஒன்றில் ‘வாழ்வோர் நாட்டில் ஆண்டவரை உவப்பிப்பேன்’ என்று வருகிறது. எபிரேய மூலத்தில் இருப்பதோ ‘நடப்பேன்’ என்ற வினை. 116ஆம் சங்கீதத்தின் 9ஆம் வசனத்தைப் பழைய தமிழ்ப் பெயர்ப்பில் பார்த்தால் ‘நடப்பேன்’ என்றே இருக்கும். கிரேக்கம் வழியாக இலத்தீனுக்குப் போனதில் நடை உவப்பாகிவிட்டது. ஆக, இந்தச் சொல்லே ஒரு மொழிபெயர்ப்பு விலகலில் பிறந்ததுதான்.

இடைக்கால ஐரோப்பாவில் இறந்தோருக்கான மாலை வழிபாட்டில் இந்த வரி பாடப்பட்டது. ‘பிளசீபோ பாடுகிறான்’ என்றால் முகத்துதி செய்கிறான் என்ற பொருள் பிறகு ஏறிக்கொண்டது. 1785இல் மதர்பியின் மருத்துவ அகராதியில் இச்சொல் இடம்பெற்றது. 1811இல் ஹூப்பரின் அகராதி, நோயாளிக்குப் பயன் தருவதைவிட அவரை உவப்பிக்கவே தரப்படும் மருந்து என்று விளக்கியது. இதற்கிடையே 1799இல் ஜான் ஹேகார்த் என்ற ஆங்கில மருத்துவர், வலி தீர்க்கும் என்று விற்பனையான பெர்கின்ஸின் உலோகக் கோல்களுக்குப் பதிலாக மரக்கோல்களைச் செய்து ஐந்து நோயாளிகள் மேல் தடவிப் பார்த்தார். நால்வர் வலி குறைந்ததாகச் சொன்னார்கள். அவர் செய்தது இன்றைய பொருளில் மருந்துப்போலிச் சோதனை.

ஆறுதலுக்குத் தருவது, ஒப்பிடத் தருவது என்ற இந்த இரு பொருள்களில் இரண்டாவது 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மேலோங்கியது. மருந்து பலிப்பதைக் கட்டுப்பாடுள்ள ஆய்வுகளால் நிறுவ வேண்டும் என்று அமெரிக்கா 1962இல் சட்டம் திருத்தியது அதற்கு ஒரு பெரிய உந்துதல்.

மருந்துப்போலியைச் செய்வது சர்க்கரை உருண்டை பிடிக்கும் வேலை அல்ல. நிறம், வடிவம், எடை, மேலே பொறித்த எழுத்து, மணம், நாக்கில் படும் சுவை எல்லாம் ஒத்துப்போக வேண்டும். நிரப்புப் பொருளாக லாக்டோஸ் அல்லது நுண்படிகச் செல்லுலோஸ், அச்சில் ஒட்டாமலிருக்கக் கொஞ்சம் மக்னீசியம் ஸ்டியரேட். நிரப்புப் பொருளும் சும்மா இருக்க வேண்டும். கொலஸ்டிராலைக் குறைக்கும் மருந்தின் ஆய்வில் ஆலிவ் எண்ணெயை நிரப்பினால், அந்த எண்ணெயே இரத்தக் கொழுப்பை மாற்றி ஒப்பீட்டைக் கெடுக்கலாம். மாத்திரையை மாத்திரையோடு ஒப்பிட்டால் இவ்வளவோடு போயிற்று. மாத்திரையை ஊசியோடு ஒப்பிட வேண்டுமானால் இரட்டைப்போலி தேவை: முதல் பிரிவுக்கு உண்மை மாத்திரையும் மருந்தில்லா ஊசியும், இரண்டாம் பிரிவுக்கு மருந்தில்லா மாத்திரையும் உண்மை ஊசியும். எல்லாரும் விழுங்குவார்கள், எல்லாரும் குத்திக்கொள்வார்கள்.

சுவையில் கோட்டை விட்டதற்கு நல்ல எடுத்துக்காட்டு, அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ஊழியர்களிடம் நடந்து 1975இல் வெளியான வைட்டமின் சி ஆய்வு. சளியைத் தடுக்குமா என்று பார்க்க 311 பேரைச் சேர்த்தார்கள். இறுதிவரை நின்றவர்கள் 190 பேர். கேப்சூலுக்குள் இருந்த மருந்துப்போலி லாக்டோஸ். பலர் அதைத் திறந்து நக்கிப் பார்த்துவிட்டார்கள். வைட்டமின் சி புளிக்கும், லாக்டோஸ் இனிக்கும். சளி சீக்கிரம் நின்றதுபோல் தெரிந்த பயன், தமக்கு வந்தது எது என்று ஊகித்தவர்களை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டபோது காணாமல் போனது.

எய்ட்ஸுக்கான ஏஇசட்டி என்ற மருந்தின் ஆய்வில் பணயம் இதைவிடப் பெரிது. 1986இல் 282 பேரிடம் நடந்த அந்த ஆய்வு, மருந்துப்போலிப் பிரிவில் 19 பேரும் மருந்துப் பிரிவில் ஒருவரும் இறந்த நிலையில் இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஏஇசட்டி சிவப்பணுக்களின் பருமனைக் கூட்டும். இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தாலே யாருக்கு மருந்து என்று மருத்துவரால் ஊகிக்க முடியும். மாத்திரையின் உருவம் எவ்வளவு ஒத்திருந்தாலும், யாருக்கு எது என்ற மறைப்பு ஆய்வகத்தில் கிழியலாம்.

அடுத்து ‘மருந்துப்போலி விளைவு’. இங்குதான் அதிகக் குழப்பம். 1955இல் ஹென்றி பீச்சர் 15 ஆய்வுகளிலிருந்து 1,082 நோயாளிகளைத் தொகுத்து, சராசரியாக 35.2 சதவீதம் பேருக்கு மருந்துப்போலியால் நிவாரணம் கிடைத்தது என்றார். ‘மூன்றில் ஒருவருக்குப் பலிக்கும்’ என்ற பேச்சு அங்கிருந்து வந்தது. ஆனால் மருந்துப்போலிப் பிரிவில் ஒருவர் தேறினார் என்பதும், மருந்துப்போலியால் தேறினார் என்பதும் வேறு வேறு. சளி தானாகவே போகும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆய்வுக்கு வருவார்கள், அடுத்த வாரம் எப்படியும் கொஞ்சம் இறங்கியிருக்கும். மருத்துவரைக் கண்டதும் ‘பரவாயில்லை’ என்று மரியாதைக்குச் சொல்பவரும் உண்டு. இவற்றைப் பிரித்தறிய, எதுவுமே தராத மூன்றாம் பிரிவு ஒன்று வேண்டும். அப்படிப்பட்ட 114 ஆய்வுகளை 2001இல் டென்மார்க்கின் ஹ்ரோபியார்ட்சனும் கோட்ஷேவும் தொகுத்தபோது, வலி போன்று நோயாளியே சொல்லும் அளவுகளில் சிறு பயன் தெரிந்தது. புறநிலையாக அளக்கக்கூடியவற்றில் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் தெரியவில்லை.

அதற்காக எல்லாமே மாயை என்றும் தள்ளிவிட முடியாது. 1978இல் லெவின், கோர்டன், ஃபீல்ட்ஸ் மூவரும் ஞானப்பல் பிடுங்கியவர்களிடம் சோதித்தார்கள். மருந்துப்போலியால் வலி குறைந்தவர்களுக்கு, அபின்வகை மருந்துகளின் செயலைத் தடுக்கும் நலோக்சோனைத் தந்ததும் வலி கூடியது. உடல் தானே சுரக்கும் வலிநீக்கிகள் அங்கே வேலை செய்திருக்கின்றன என்று பொருள்கொண்டார்கள்.

மாரடைப்பு வந்தவர்களிடம் இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் குளோஃபைபிரேட்டைச் சோதித்த ஆய்வின் 1980ஆம் ஆண்டுக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மருந்துப்போலியை 80 சதவீதத்துக்கு மேல் ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் ஐந்தாண்டுகளில் இறந்தவர்கள் 15.1 சதவீதம், ஒழுங்கில்லாதவர்களில் சுமார் 28. மருந்தில்லாத மாத்திரை பாதி உயிர்களைக் காத்தது என்று படித்தால் ஏமாந்துபோவோம். சொன்னபடி மாத்திரை சாப்பிடுபவர் மற்ற விஷயங்களிலும் வேறு மாதிரியானவர், அவ்வளவுதான். ‘ஒழுங்காகச் சாப்பிட்டவர்களை மட்டும் எடுத்துப் பாருங்கள்’ என்று ஒரு மருந்தைத் தூக்கிப்பிடிப்பவர்களிடம் இந்த இரண்டு எண்களைக் காட்டலாம்.

மருந்துப்போலியின் மறுபக்கம் நோசீபோ, அதாவது ‘தீங்கு செய்வேன்’. 1961இல் வால்டர் கென்னடி இப்பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். நெஞ்சுவலிக்கு ஆஸ்பிரின் தந்த ஓர் ஆய்வில், வயிற்றுத் தொந்தரவு வரலாம் என்று ஒப்புதல் படிவத்தில் எழுதிய மையங்களில், வயிற்றுக் கோளாறைச் சொல்லி விலகியவர்கள் ஆறு மடங்கு அதிகம் என்று 1987இல் தெரியவந்தது. இதற்கு ‘நோய்ப்போலி’ என்று தமிழாக்கினால், நோய்போல் நடிப்பது என்று திரிந்துவிடும். பொருந்தும் தமிழ்ச்சொல் அமையும்வரை நோசீபோ என்றே எழுதுவது மேல்.