மேட்ச்மேக்கர்: ஜோடி சேர்ப்பவர்

எம்எம்ஏ எனும் கலப்புத் தற்காப்புக் கலையில் யாரை யாரோடு மோதவிடுவது என்று முடிவு செய்பவர் மேட்ச்மேக்கர். எம்எம்ஏ போட்டிகளை நடத்தும் யுஎஃப்சி அமைப்பில் 2016 இறுதிவரை இந்த வேலையில் பெயரெடுத்தவர் ஜோ சில்வா. இப்போது ஷான் ஷெல்பியும் மிக் மேனார்டும் எடைப்பிரிவுகளைப் பங்கிட்டுக்கொண்டு பார்க்கிறார்கள்.

'மேட்ச்' என்பதன் பழைய ஆங்கில மூலத்துக்குத் துணை, இணை, நிகரானவர் என்றுதான் பொருள். போட்டி என்ற பொருள் பிறகு ஏறியது. கல்யாணத் தரகருக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். தமிழில் 'பொரு' இரண்டையும் சுமக்கிறது: பொருதல் என்றால் சண்டையிடுதல், 'பொருவ' என்பதோ தொல்காப்பியத்தில் 'போல'வுடன் வரும் உவம உருபு. ஒப்பும் மோதலும் ஒரே சொல்லில். மேட்ச்மேக்கர் தேடுவதும் இந்த இரண்டையும்தான்.

ஒப்பு இல்லாவிட்டால் கூத்துதான் மிஞ்சும். எடைப்பிரிவு இல்லாத 1994இல், யுஎஃப்சியின் 3ஆம் நிகழ்ச்சியில், சுமார் 200 பவுண்டு எடையுள்ள கீத் ஹாக்னி 600 பவுண்டுக்கு மேலிருந்த இம்மானுவேல் யார்பரோவை இரண்டு நிமிடத்துக்குள் முடித்தார். வேடிக்கைதான், ஆனால் அதைப் பொருந்திய ஜோடி என்று சொல்ல முடியாது.

எடையும் தரமும் ஒத்தால் மட்டும் போதுமா? 2018 ஜூலையில் பிரான்சிஸ் என்கானுவும் டெரிக் லூயிஸும் மோதினார்கள். இருவருமே ஒரே குத்தில் ஆளைச் சாய்ப்பவர்கள். காகிதத்தில் இதைவிடச் சூடான ஜோடி கிடையாது. ஆனால் இருவரும் எதிராளி முதலில் பாயட்டும், பதிலடி கொடுக்கலாம் என்று காத்திருந்தார்கள். 15 நிமிடத்தில் இருவர் கணக்கிலும் சேர்த்து வலுவான அடிகள் 31தான். நல்ல மல்லர்கள் இருவரைச் சேர்த்தாலும் இதே ஆபத்து: ஒருவர் பிடி மற்றவரிடம் செல்லாது, இருவரும் அரைகுறைக் குத்துச்சண்டையில் இறங்கிவிடுவார்கள். மாறாக, 2005 ஏப்ரலில் மோதிய ஃபாரஸ்ட் கிரிஃபினும் ஸ்டீஃபன் பானரும் அன்று உலகின் முதல்நிலை வீரர்கள் அல்லர். இருவருமே முன்னேறி அடிப்பவர்கள், ஒரே தரம், மூன்று சுற்றுக்கும் பின்வாங்கவில்லை. வென்ற கிரிஃபினோடு தோற்ற பானருக்கும் யுஎஃப்சி ஒப்பந்தம் கிடைத்தது.

ஆகவே யார் முன்னேறுவார், யார் காத்திருப்பார், தரையில் விழுந்தால் யார் கை ஓங்கும் என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். தரவரிசை எண் அதற்கப்புறம். சண்டை நடக்கும் கூண்டின் அளவையும் மறக்கக்கூடாது. வழக்கமான 30 அடி விட்டத்தில் சுற்றிச்சுற்றி ஓடுபவருக்கு 25 அடிக் கூண்டில் இடமிருக்காது.

கடைசி வாரத்தில் ஒருவர் காயம்பட்டால் மாற்று ஆள் வருவார். பிரிவின் எடைக்கு இறங்க அவருக்கு நேரமிராது. அப்போது இரு தரப்பும் பேசி வைத்துக்கொள்ளும் கேட்ச்வெயிட்டை 'ஒப்பந்த எடை' எனலாம். மிஸ்மேட்ச் என்பதற்குப் 'பொருந்தா ஜோடி'.

மேட்ச்மேக்கருக்குப் 'பொருத்துநர்' என்று எழுதத் தோன்றும். ஆனால் அது ஐடிஐ படித்த ஃபிட்டருக்குப் போய்விட்டது. பேச்சில் 'ஜோடி சேர்ப்பவர்', எழுத்தில் 'இணைசேர்ப்பாளர்', வேலைக்கு 'இணைசேர்ப்பு'. 'போட்டி அமைப்பாளர்' வேண்டாம். அரங்கு பிடித்து டிக்கெட் விற்கும் புரொமோட்டரோடு குழம்பும்.