முகத்துவாரம் திறந்திருந்தால்தான் எறா

எண்ணூர்ப் பக்கம் எறா (இறால்) வாங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. பண்ணையில் வளர்த்த வனாமி எறாவுக்கு ஒரு விலை, கடல் எறாவுக்கு ஒரு விலை, ஆத்து எறாவுக்குத் தனி விலை. தாழங்குப்பத்திலோ நெட்டுக்குப்பத்திலோ கூடையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் "ஆத்து எறாதானா?" என்று இழுத்தால், "கையில எடுத்துப் பாருப்பா, துள்ளுது" என்று பதில் வரும். துள்ளும்தான். ஆனால் அந்தக் கூடையில் இருக்கும் வெள்ளை எறாவில் ஒன்றுகூட ஆற்றில் பிறந்ததில்லை.

வெள்ளை எறா முட்டையிடுவது கடலில், கரையை விட்டுத் தள்ளி. ஒரு தாய் எறா லட்சக்கணக்கில் முட்டைகளைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுப் போய்விடும். ஒரு நாளுக்குள் குஞ்சு பொரிந்துவிடும். முதலில் வெளிவருவதற்கும் எறாவுக்கும் உருவத்தில் சம்பந்தமே இருக்காது. கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி, கூடவே கொண்டுவந்த மஞ்சள் கருவைத் தின்றுகொண்டு மிதக்கும். பல தடவை தோலை உரித்து, ஒவ்வொரு உரிப்பிலும் கொஞ்சம் உருவம் மாறி, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் குட்டி எறா ஆகும். அப்போதும் ஒரு சென்டிமீட்டர் நீளம் தேறாது.

இந்த அளவில் இருப்பது, ஆற்று நீரோட்டத்தை எதிர்த்து நீந்தி எண்ணூர்க் கழிமுகத்துக்குள் வந்து சேர்வது நடக்காத காரியம். அது நீந்துவதும் இல்லை, சவாரி செய்கிறது. சென்னைக் கடலில் ஒரு நாளைக்கு இரண்டு முறை தண்ணீர் ஏறும், இரண்டு முறை வற்றும். தண்ணீர் ஏறும்போது குஞ்சு எறா அடியிலிருந்து மேலே எழும்பி, உள்ளே பாய்கிற ஓட்டத்தோடு போகும். வற்றத் தொடங்கியதும் அடியில் இறங்கிச் சேற்றைப் பிடித்துக்கொள்ளும். அடியில் ஓட்டம் மெதுவாக இருப்பதால் வெளியே இழுத்துப் போகாது. அடுத்த ஏற்றத்தில் மறுபடி மேலே. தண்ணீரின் உப்பும் அழுத்தமும் மாறுவதை உணர்ந்து இதைச் செய்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஒரு சென்டிமீட்டர்கூடத் தேறாத உடம்பு, கடலின் பலத்தில் ஒரு திசையை மட்டும் எடுத்துக்கொண்டு மறு திசையை ஒதுக்கிவிடுகிறது.

உள்ளே வருவானேன்? தீனி இருக்கிறது, ஒளிய இடமும் இருக்கிறது. அலையாத்தி வேர்களுக்கிடையே அழுகும் இலைகளும் சேறும் குட்டி எறாவுக்குச் சாப்பாடு. கலங்கிய ஆழமில்லாத தண்ணீரில் பெரிய மீன்களுக்குக் கண் தெரியாது. கொடுவா இங்கேயும் துரத்தும்தான், ஆனால் திறந்த கடலோடு பார்த்தால் இது பாதுகாப்பு. உப்பு குறைந்த தண்ணீரைத் தாங்கும் உடம்பு குட்டி எறாவுக்கு உண்டு. வளர வளர அந்தத் தாங்குதிறன் குறையும். சில மாதங்களில் விரல் நீளம் வந்ததும் கடல் இழுக்கத் தொடங்கிவிடும்.

வலைக்காரரின் வேலை அங்கேதான் ஆரம்பம். கழி நட்டுக் கட்டும் வலை எறாவைத் தேடிப் போவதில்லை. ஓடுதண்ணீரின் குறுக்கே கழிகளை ஊன்றி, வலையின் வாயை ஓட்டத்துக்கு எதிரே திறந்து வைத்தால், திரும்பிப் போகிற எறாவை வற்றும் தண்ணீரே கொண்டுவந்து உள்ளே தள்ளும். அமாவாசையை ஒட்டிய இரவுகளில் பாடு, அதாவது வலையில் விழுவது, நன்றாக இருக்கும் என்பதற்குக் காரணம் இரண்டு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் சந்திரனும் ஒரே நேர்கோட்டில் இழுப்பதால் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும், ஓட்டம் வேகமாக இருக்கும். எறாவோ பகலில் சேற்றில் புதைந்து கிடந்து இருட்டில் கிளம்புகிற பிராணி. வேகமும் இருட்டும் சேர்வது அமாவாசையில்தான். பௌர்ணமியில் வேகம் உண்டு, வெளிச்சம் கெடுத்துவிடும். பழவேற்காட்டில் எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்ளும் வழக்கம், அதற்கும் 'பாடு' என்றே பெயர், இன்னும் இருக்கிறது. ஓட்டம் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை என்று தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது.

வலையே இல்லாமல் பிடிக்கிறவர்களும் உண்டு. இருளர் குடும்பத்துப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்துகொண்டே, சேற்றைக் கையால் தடவி எறாவைப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் ஓலைப் பறியைப் பல்லால் கவ்வியிருப்பார்கள், இரண்டு கையும் வேலைக்கு வேண்டுமே. அந்தக் கைகளின் எதிரி சாதாரணமானதல்ல. எறாவின் வயிற்றுப்பக்க நரம்பு வடத்தில் ஓடும் பருத்த நரம்புகளில் செய்தி ஓடும் வேகம், ஓர் இனத்தில் அளந்தபடி, நொடிக்குச் சுமார் 200 மீட்டர் வரை போகிறது. மனித நரம்பின் அதிகபட்சம் ஏறக்குறைய 120 மீட்டர். உயிரினங்களில் அளக்கப்பட்ட மிக வேகமான நரம்புகளில் இது ஒன்று. தொட்டதும் வாலை மடக்கி ஒரே உதறு. எறா பின்பக்கமாகத் துள்ளிப் போய்விடும். வேகத்தில் ஜெயிக்க முடியாது. இரு கைகளும் எதிரெதிரே வந்து கூடினால், துள்ளுகிற பக்கமும் ஒரு கை காத்திருக்கும்.

ருசிக்கும் உப்புக்கும் கணக்கு உண்டு. சுற்றியுள்ள தண்ணீரில் உப்பு கூடினால், தசையில் இருக்கும் தண்ணீரை இழக்காமல் இருக்க, எறா தன் செல்களுக்குள் கிளைசின் போன்ற அமினோ அமிலங்களைச் சேர்த்துக்கொள்ளும். கிளைசின் இனிப்பானது. அதனால் கோடையில் உப்பேறிய தண்ணீரில் பிடித்த எறா தித்திக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை வெள்ளத்தில் நாள்கணக்கில் கிடந்தது கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும். குழம்பில் புளி கூட்டி இதை மறைத்துவிடலாம், வறுவலில் முடியாது.

அதற்காக மழையைக் கோபித்துக்கொள்ளக் கூடாது. வெள்ளை எறாவின் நெருங்கிய உறவினம் ஒன்று ஆஸ்திரேலியாவின் கார்பென்டேரியா வளைகுடாவில் இருக்கிறது. அங்கே மழை அதிகம் பெய்த ஆண்டில் கடலில் அதன் பாடும் அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். ஆற்று வெள்ளம் வளர்ந்த எறாவைக் கடலுக்குத் தள்ளிவிடுகிறது.

உள்ளே வரவும் வெளியே போகவும் எறாவுக்கு இருப்பது ஒரே வாசல், முகத்துவாரம். அதைத் திறந்து வைத்திருப்பது எது? இந்தக் கடற்கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதி அலைகள் அதைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. 1870-களில் சென்னைத் துறைமுகச் சுவர் எழும்பத் தொடங்கியதும் தெற்கே மெரினா அகலமானதும், வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் அரிக்கப்பட்டதும் இதனால்தான். அதே மணல் ஆற்றின் வாயையும் அடைக்கப் பார்க்கும். அடைபடாமல் காப்பது, உள்ளே ஏறி வெளியே வடிகிற தண்ணீரின் அளவு. ஒரு சதுர கிலோமீட்டர் கழிமுகத்தில் அரை மீட்டர் தண்ணீர் ஏறினால் 5 லட்சம் கன மீட்டர், அதாவது 50 கோடி லிட்டர். அது ஆறு மணி நேரத்தில் ஒரு குறுகிய வாய் வழியாக வெளியேற வேண்டும் என்றால் வேகம் பிடித்துத்தான் ஆக வேண்டும். போகிற போக்கில் மணலை அடித்துக்கொண்டு போகும்.

வட சென்னை அனல்மின் நிலையத்தின் குழாய்களில் கசிந்த சாம்பல் இங்கே செய்த சேதத்தைச் செவுள் அடைப்பு, கன உலோகம் என்று மட்டும் பேசினால் பாதிதான் பேசியதாகும். தண்ணீர் ஏறி இறங்கும் சேற்றுத் திட்டுகளில் சாம்பல் படிந்து மேடானால், அந்தப் பரப்பில் இனி தண்ணீர் ஏறாது. ஏறாத தண்ணீர் வடியவும் வடியாது. வடிகிற அளவு குறைந்தால் வாயில் வேகம் குறையும், மணல் கை ஓங்கும். சாம்பல் கொட்டியது உள்ளே; வாசல் அடைபடுவது வெளியே. வாசல் சுருங்கினால் ஏற்றத்தில் வரும் குஞ்சும் குறைவு.

இதனால்தான் முகத்துவாரத்தில் மட்டும் தூர் வாரி மணலை அள்ளினால் பலன் நிலைப்பதில்லை. உள்ளே ஏறும் தண்ணீர் கூடாதவரை அலை அதே மணலைத் திரும்பக் கொண்டுவந்து போடும். திட்டுகளின் மேல் படிந்த சாம்பலை எடுத்தால்தான் வற்றும் தண்ணீருக்குப் பழைய பலம் வரும், வாயைத் துடைக்கும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.