மார்ச் மாதத்தில் மட்டும் ஏன் இத்தனை பில்கள்?

டெல்லி ஆர்.கே.புரத்திலும் லோதி ரோட்டிலும் குடியிருக்கும் தமிழ் அரசு ஊழியர் குடும்பங்களுக்கு, நிதியாண்டு முடிவதற்குள் ஒதுக்கிய பணத்தைச் செலவழித்துவிட அலுவலகங்கள் முண்டியடிக்கும் மார்ச் மாத நெருக்கடி நன்றாகத் தெரியும். அந்த அவசரத்துக்குக் காரணம் சோம்பலோ ஊழலோ மட்டுமல்ல, ஒதுக்கீட்டு முறையே அப்படித்தான் இருக்கிறது.

நாடாளுமன்றம் ஒதுக்கும் பணத்தின் ஆயுள் ஓராண்டு. செலவாகாத பாக்கி மார்ச் 31-உடன் காலாவதி. அதோடு போகாது. ஒரு கோடியில் 80 லட்சம்தான் செலவானது என்றால் அடுத்த ஒதுக்கீட்டிலும் கை வைப்பார்கள். சிக்கனமாக நடந்த அதிகாரிதான் பிறகு கையைப் பிசைகிறார்.

ஏப்ரலிலேயே தொடங்கலாமே என்றால், நிர்வாக ஒப்புதல், நிதி ஆலோசகர் சம்மதம் என்று கோப்பு நகரவே மாதங்கள் ஆகும். கட்டட வேலைக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை மழை குறுக்கே நிற்கும். டெண்டருக்குப் பொதுவாக மூன்று வாரம் தர வேண்டும். பிப்ரவரி கடைசியில் கையெழுத்தான கோப்புக்கு டெண்டர் திறக்கும்போதே மார்ச் 20 ஆகிவிடும். மீதி நாட்களுக்குள் விலை ஒப்பீடு, ஆர்டர், சரக்கு, பில் எல்லாம் முடிய வேண்டும். பரிசோதித்து ஏற்ற பிறகே பணம் தரலாம் என்பது விதி. 200 கம்ப்யூட்டர் 29-ஆம் தேதி வந்து இறங்கினால் எப்படிப் பரிசோதிப்பது? அட்டைப்பெட்டிகளை எண்ணிக் கையெழுத்துப் போடுவார்கள். ரேம் குறைவாக இருப்பது மே மாதம்தான் தெரியவரும். தேவையானதை விட்டுவிட்டு, உடனே கிடைக்கும் நாற்காலியும் டோனரும் வாங்கப்படுவதும் இதனால்தான்.

2017-இன் பொது நிதி விதிகள் இந்த அவசரத்தை நிதி ஒழுங்கு மீறல் என்றே சொல்கின்றன. ஆண்டு ஒதுக்கீட்டில் கடைசிக் காலாண்டில் 33 சதவீதம், மார்ச்சில் 15 சதவீதம்தான் செலவழிக்கலாம் என நிதி அமைச்சகம் வரம்பும் வைத்தது. ஆனால் அது திட்டத்தின் மொத்தத்துக்கான கணக்கு. ஒரு தனி அலுவலகம் அதற்குள்ளேயே மார்ச்சில் அள்ளிச் செலவழிக்க முடியும்.

சிக்கனம் என்று துறைகளின் செலவில் ஒரே மாதிரி 10 சதவீதம் வெட்டுவது, 2014-இல் செய்ததைப் போல, இதைவிட மோசம். தேவையைவிடக் கூட்டிக் கேட்டவருக்கு அது உறைக்காது. அளவாகக் கேட்டவருக்கு வேலை நிற்கும். அடுத்த முறை அவரும் கூட்டியே கேட்பார்.

லீப்மேன், மஹோனி என்ற பொருளாதார அறிஞர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்க மத்திய அரசின் கொள்முதல் நிதியாண்டின் கடைசி வாரத்தில் மற்ற வாரங்களின் சராசரியைப் போல 4.9 மடங்கு. அந்த வாரத்து ஐ.டி. ஒப்பந்தங்களின் தரமும் குறைவு. மிச்சத்தை மறு ஆண்டுக்கு எடுத்துச்செல்ல அனுமதி பெற்ற அந்நாட்டு நீதி அமைச்சகத்தில் மட்டும் அந்தத் தரச்சரிவு தென்படவில்லை.

இங்கும் மிச்சத்தில் ஒரு பங்கை அலுவலகத்திடமே விட்டுப் பார்க்கலாம். வரம்பில்லாமல் விட்டால் பணம் குவியும், நாடாளுமன்றத்தின் பிடியும் தளரும். ஆகவே சிறிய உச்சவரம்பும், ஓராண்டுக்குள் செலவாகாவிட்டால் திரும்பிவிடும் என்ற நிபந்தனையும், எடுத்துச்சென்ற தொகையைக் காட்டி அடுத்த ஒதுக்கீட்டைக் குறைக்க மாட்டோம் என்ற எழுத்துப்பூர்வ உறுதியும் சேர்ந்தே வர வேண்டும்.