அலைன்மென்ட் சரி, வண்டி மட்டும் கோணல்

போன மாதம் ஒரு பிக்கப் பட்டறைக்கு வந்தது. பாச்சலூர், தாண்டிக்குடிப் பக்கமிருந்து பீன்ஸ், சௌசௌ, மலைவாழை என்று ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு இறங்கும் வண்டி. ஓட்டுகிற தம்பிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். "ரோட்டுல நேரா போகணும்னா ஸ்டியரிங்க ஒரு பக்கமா திருப்பியே பிடிக்க வேண்டியிருக்குண்ணே, ரெண்டு தடவ அலைன்மென்ட் பாத்துட்டேன், எல்லாம் சரியா இருக்குன்னுதான் சொல்றாங்க" என்றார். அவர்கள் பொய் சொல்லவில்லை, பார்த்தது முன் சக்கரத்தை மட்டும். வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிப் போகச் சொல்லிவிட்டுப் பின்னால் நின்று பார்த்தேன். முன் சக்கரம் ஒரு தடத்தில், பின் சக்கரம் இன்னொரு தடத்தில், நண்டு மாதிரி ஒருக்களித்துப் போகிறது வண்டி.

டேப்பை எடுத்து, பட்டைக்கட்டின் (அடுக்கி வைத்த எஃகுப் பட்டைகள், லீஃப் ஸ்பிரிங்) முன்பக்கக் கண்ணில், அதாவது முனையில் சுருட்டிய வளையத்தில், இருக்கும் போல்ட்டிலிருந்து ஆக்ஸில் வரை இரண்டு பக்கமும் அளந்தோம். இடது பக்கம் 14 மில்லிமீட்டர் கூடுதல். ஆக்ஸில் அந்தப் பக்கம் பின்னால் நகர்ந்திருந்தது. பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் துண்டாகியிருக்கும் என்று அப்போதே தெரிந்துவிட்டது, கழற்றிப் பார்த்தபோது அதுதான்.

பட்டை என்றாலே பாரம் தாங்குவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பாரம் தாங்குவது அதன் வேலையில் பாதிதான். காரில் காயில் ஸ்பிரிங் இருந்தால் ஆக்ஸிலைப் பிடித்து நிறுத்தத் தனியாகக் கைகள் இருக்கும். பட்டை போட்ட பிக்கப்பில் அப்படி எதுவும் கிடையாது. பிரேக் பிடிக்கும்போது ஆக்ஸில் பின்னால் ஓடாமலும், கியர் போட்டு இழுக்கும்போது முன்னால் தாவாமலும் பிடித்து வைத்திருப்பது அந்த மெயின் பட்டையும், அதன் கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ்ஷும், பட்டைகளை ஆக்ஸிலோடு சேர்த்து இறுக்கும் நான்கு யூ போல்ட்டும்தான். சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸில் மேல் இருக்கும் குழியில் உட்கார்ந்து இடத்தை அடையாளம் காட்டுகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. யூ போல்ட் தளர்ந்துவிட்டால் மொத்த இழுவையும் அந்தச் சின்ன போல்ட் தலையில் விழும், அது எத்தனை நாளைக்குத் தாங்கும்?

இந்த வண்டியில் நடந்ததும் அதுவே. ஆறு மாதத்துக்கு முன்னால் வேறொரு இடத்தில் ஒரு பட்டை உடைந்து மாற்றியிருக்கிறார்கள். பழைய யூ போல்ட்டையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். யூ போல்ட் ஒருமுறை முறுக்கி இறுக்கும்போதே நீண்டு கொடுத்துவிடும் சாமான். கழற்றிவிட்டு மறுபடி போட்டால் முன்பு பிடித்த பிடி வராது, மரையும் தேய்ந்திருக்கும். இரும்புக்கடையில் வளைத்துத் தரும் கம்பியும் வேண்டாம், அந்த வண்டிக்கு உண்டானதை வாங்குங்கள். பட்டைக்குக் கொடுக்கும் காசோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை, ஆனால் எல்லோரும் மிச்சம் பிடிப்பது இதில்தான்.

பட்டை உடைந்திருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்துகொள்வதும் நல்லது. முனையில் உடைந்தால் கண்ணுக்குத் தெரியும். பெரும்பாலும் சென்டர் போல்ட் ஓட்டையை ஒட்டி, யூ போல்ட்டுக்கு அடியில் உடையும், அங்கே சேறு அப்பிக் கிடக்கும், எதுவும் தெரியாது. வயர் பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள், பட்டையின் ஓரத்தில் துருக்கோடு ஒன்று குறுக்கே ஓடினால் சந்தேகப்படலாம். காலி வண்டியைச் சமதரையில் நிறுத்திப் பின் சக்கரத்தின் நடுவிலிருந்து பாடி வரை இரண்டு பக்கமும் அளந்தாலும் எந்தப் பக்கம் தொங்குகிறது என்று தெரிந்துவிடும்.

உடைந்த பட்டையை வெல்டிங் வைத்து ஓட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேண்டாம். அது சாதா இரும்பில்லை, பதம் ஏற்றிய எஃகு. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் போய்விடும், ஒட்டு நின்றாலும் பக்கத்திலேயே உடையும்.

இப்போது புஷ். பட்டையை விட எனக்குப் புஷ் மேல்தான் கோபம் அதிகம், ஏனென்றால் நல்ல புஷ்ஷை வாங்கி நாமே கெடுக்கிறோம். பழைய புஷ்ஷை எடுக்க கேஸ் வைத்துக் கொளுத்துவது பல இடங்களில் வழக்கம். ரப்பர் எரிந்து வெளியே வந்துவிடும், சரிதான், கூடவே மெயின் பட்டையின் கண்ணும் சூடாகிப் பதம் இறங்கிவிடும். பிரஸ் இருந்தால் பிரஸ்ஸில் தள்ளலாம். இல்லையென்றால் நீளமான போல்ட், ஒரு பெரிய சாக்கெட், ஒரு சின்ன சாக்கெட், இது போதும், இழுத்து எடுத்துவிடலாம். புஷ்ஷின் வெளி ஸ்லீவ் (ரப்பரைச் சுற்றியிருக்கும் இரும்புக் குழாய்) துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் ஹாக்ஸா பிளேடை உள்ளே விட்டு ஸ்லீவை மட்டும் கீறுவேன், கண்ணில் கீறல் விழாமல். அரை மணி நேரம் கூடுதலாக ஆகும், வியர்வையும் கொட்டும்.

புதுசைப் போட்ட பிறகு எல்லோரும் செய்யும் தப்பு இதுதான்: வண்டி ஜாக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே கண் போல்ட்டையும், பட்டையின் மறுமுனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிளின் போல்ட்டையும் முழுசாக இறுக்கிவிடுவது. இந்த ரப்பர் புஷ் சுற்றாது. உள் ஸ்லீவை பிராக்கெட் கவ்விப் பிடித்துக்கொள்ளும், வெளி ஸ்லீவ் பட்டையோடு அசையும், நடுவில் ரப்பர்தான் முறுக்கிக் கொடுக்கிறது. தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால் பட்டை நிமிரும், ரப்பர் காலி வண்டியிலேயே முறுக்கிக்கொண்டு நிற்கும். அப்புறம் லோடு ஏறினால் இன்னும் முறுக்கும். மூன்றே மாதத்தில் கிழிந்து, புஷ் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவோம். போல்ட்டைச் சும்மா கையில் மாட்டி, சக்கரம் தரையில் உட்கார்ந்து, இரண்டு தரம் வண்டியை அமுக்கி விட்டபின் இறுக்குங்கள்.

இன்னொன்று, வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடியில் ஆயில் ஸ்பிரே அடிப்பார்களே, பட்டை கிறீச்சிடாமல் இருக்குமென்று. பழைய ஆயிலும் டீசலும் ரப்பரை ஊதவைத்துக் கூழாக்கும். கிரீஸ் நிப்பிள் உள்ள பின் என்றால் கிரீஸ் அடியுங்கள், ரப்பர் புஷ்ஷுக்கு எண்ணெயே ஆகாது. புது ரப்பரை உள்ளே தள்ள வழுக்கல் வேண்டுமா, சோப்புத் தண்ணீர்.

வேலை பார்க்கும்போது சேசிஸுக்கு ஸ்டாண்ட், ஆக்ஸிலுக்குத் தனி ஜாக்கி. ஹாலோ பிளாக்கை முட்டுக் கொடுத்துவிட்டு அடியில் படுக்காதீர்கள், அது விரிசல் விட்டு எச்சரிக்காது, ஒரே நொடியில் பொடியாகிவிடும். பட்டைக்கட்டைப் பிரிக்கும்போதும் சென்டர் போல்ட்டை அப்படியே அறுக்கக் கூடாது, உள்ளே அழுத்தி வைத்த பட்டைகள் திமிறிக்கொண்டு விரியும். வைஸிலோ இரண்டு ஜி கிளாம்பிலோ பிடித்துவிட்டு மெதுவாக விட வேண்டும்.

எல்லாம் முடிகிற நேரத்தில் தம்பி தலையைச் சொறிந்தபடி கேட்டார்: "அப்படியே ஒரு பட்டை சேத்துப் போட்டுருங்கண்ணே, லோடு நல்லா நிக்கும்." இது வாரம் ஒருவராவது கேட்பது. பட்டை கூடினால் வண்டியின் எடைக்கணக்கு கூடாது. ஆக்ஸில், பேரிங், டயர் எல்லாம் ஆர்.சி.யில் போட்டிருக்கும் எடைக்குத்தான். அதிக பாரத்துக்கு அபராதம் 2019 திருத்தத்துக்குப் பிறகு 20,000 ரூபாய், மேலே ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அதைச் சொன்னால் சிரிப்பார்கள், மாட்டினால்தானே என்று. அதனால் நான் வேறொன்றைக் காட்டுவேன். பல பிக்கப்களில் சேசிஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்கு ஒரு மெல்லிய கம்பி போகும், மேலே எல்.எஸ்.பி.வி. வால்வு. லோடு ஏறி பாடி தணிந்தால் கம்பி அசைந்து பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். காலியாக இருந்தால் பின் சக்கரம் லாக் ஆகி வழுக்காமல் குறைத்துக் கொடுக்கும். கூடுதல் பட்டை போட்டால் லோடு ஏறினாலும் பாடி அவ்வளவாகத் தணியாது. வால்வு வண்டி காலி என்றே நினைத்துக்கொள்ளும். முழு லோடோடு பாச்சலூர் மலையிறக்கத்தில் வரும்போது பெரும்பாலான வேலை முன் பிரேக் தலையில் விழும், கொஞ்ச தூரத்திலேயே கருகிய வாசனை வரும். புதுப் பட்டை போட்டாலே பாடி கொஞ்சம் உயர்ந்துவிடும், அதற்கே அந்தக் கம்பியைக் கம்பெனி அளவுக்குச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

அவர் அந்தக் கம்பியைக் குனிந்து பார்த்தார், கையால் அசைத்தும் பார்த்தார். பட்டையைப் பற்றி மறுபடி பேச்சே எடுக்கவில்லை. 500 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி இறுக்க வரச் சொல்லி அனுப்பினேன். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன், பத்தாம் நாள் காலியாக வந்து நின்றார். டார்க் ரெஞ்ச் போட்டேன். எட்டு நட்டில் மூன்று நட்டு, ஒவ்வொன்றும் கால் சுற்று உள்ளே போனது.

"இதுக்காகவாண்ணே மெனக்கெட்டு வரச் சொன்னீங்க?"

"இதுக்காகத்தான்பா."