மூக்கை விட எச்சில் கூடுதலாகச் சொன்னது ஏன்?

கொரோனா நாட்களில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பரிசோதனைக்குப் போன நம் ஆட்களைக் கேட்டால், மூக்கின் உள்ளே வெகுதூரம் போன அந்தப் பஞ்சுக்குச்சியைத்தான் சொல்வார்கள். எச்சிலிலும் வைரஸைக் கண்டுபிடிக்கலாம் என்று 2020லேயே தெரிந்துவிட்டது. வலியில்லாத மாற்று வழி என்ற அளவில்தான் அது பேசப்பட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நோய் யாருக்கு முற்றும் என்பதையும் எச்சில் ஓரளவு காட்டியது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நோயெதிர்ப்பியல் ஆய்வாளர் அகிகோ இவாசாகியின் குழு 2021 தொடக்கத்தில் இதை வெளியிட்டது. நோயாளிகளின் மூக்கிலும் எச்சிலிலும் வைரஸ் எவ்வளவு என்று அளந்து பார்த்தார்கள். எச்சிலில் வைரஸ் கூடக்கூட நோயின் கடுமையும் கூடியிருந்தது. இறப்பை முன்கூட்டிக் காட்டுவதில் எச்சில் அளவு மூக்கை முந்தியது. எச்சிலில் வைரஸ் மிகுந்தவர்களின் இரத்தத்தில் அழற்சிப் பொருள்கள் ஏறியிருந்தன, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும், லிம்போசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்களும் இறங்கியிருந்தன.

அளப்பது பிசிஆர் கருவிதான். ஒவ்வொரு சுற்றிலும் வைரஸின் மரபுப்பொருள் துணுக்கு இரண்டு மடங்காகும். கருவியின் கண்ணுக்குத் தெரிய எத்தனை சுற்று ஆனது என்பதுதான் கணக்கு; சுற்று குறைந்தால் வைரஸ் அதிகம். ஒருவருக்கு 20 சுற்றிலும் இன்னொருவருக்கு 30 சுற்றிலும் தெரிந்தால், பத்துச் சுற்றுதானே என்று நினைக்கக் கூடாது. வைரஸ் அளவில் அது ஏறக்குறைய ஆயிரம் மடங்கு.

சரி, எச்சிலுக்கு ஏன் இந்தத் திறன்? மூக்குக்குச்சி எடுப்பது மூக்கிலும் அதன் பின்புறத்திலும் இருப்பதை மட்டும். வாய்க்கு வருவது பல இடத்துச் சரக்கு. உமிழ்நீர்ச் சுரப்பிகளின் செல்களையே வைரஸ் தொற்றும். அது பற்றிக்கொள்ளும் ஏசிஇ2 என்ற புரதம் அங்கேயும் இருக்கிறது. அப்புறம், மூச்சுக்குழாய்ச் சுவரில் உள்ள நுண்ணிய மயிரிழைகள் சளியை ஓயாமல் மேல்நோக்கித் தள்ளுகின்றன. நுரையீரலில் பெருகிய வைரஸ் அந்தச் சளியோடு தொண்டைக்கு ஏறி எச்சிலில் கலக்கிறது. கொரோனாவில் ஆளைச் சாய்ப்பது நுரையீரல் பாதிப்பு என்பதால், அங்கிருந்து வரும் மாதிரிக்கு மதிப்பு அதிகம்.

ஆனால் ஒரு தனி ஆளின் எச்சிலைப் பார்த்து அவர் பிழைப்பாரா என்று சொல்லிவிட முடியாது. இது பலரைச் சேர்த்துப் பார்த்தபோது தெரிந்த போக்கு, அதுவும் தடுப்பூசிக்கு முந்தைய நோயாளிகளிடம். நம் குடும்பங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளியினரிடம் சர்க்கரை நோய் அதிகம். கொரோனா கடுமையாக அது ஒரு காரணம். வாய் உலர்ந்துபோவதும் அதன் தொல்லைகளில் ஒன்று. யாருடைய எச்சிலை முக்கியமாகப் பார்க்க வேண்டுமோ, அவர்களிடமே எச்சில் எடுப்பது கஷ்டம்.

வைரஸின் வகை மாறினாலும் கணக்கு மாறும். 2021 இறுதியில் ஓமிக்ரான் பரவியபோது கேப் டவுன் ஆய்வாளர்கள் மூக்கையும் வாயையும் ஒப்பிட்டார்கள். அதற்கு முன் பரவிய டெல்டா வகைத் தொற்றை மூக்கு மாதிரி நன்றாகப் பிடித்தது. ஓமிக்ரானை வாய் மாதிரி நன்றாகப் பிடித்தது. அங்கே எச்சிலைத் துப்பச் சொல்லவில்லை. முதலில் சில தடவை இருமச் சொன்னார்கள். அதன் பிறகே கன்னத்தின் உட்புறம், நாக்கின் மேலும் கீழும், ஈறு, மேலண்ணம் என்று பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுத்தார்கள்.